புகழ் என்னும் கடன்

தன் முகத்தைத் தானே காணும் ஆற்றல் மனிதனுக்கு வாய்க்கவில்லை. பிறர் முகங்களையெல்லாம் காண்கின்ற கண், தான் குடியிருக்கும் முகத்தை மட்டும் காண்பதில்லை. அதற்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி இல்லாத இடத்திலே கிணற்று நீர் வேண்டும். இரண்டும் இல்லையேல் எதிரே நிற்பவரைக் கேட்க வேண்டும். எழுதுவோன் நிலையும் இதுவே. தான் எழுதியது நன்றோ தீதோ என்பதைத் தன் கண்ணாலே முழுதுங் காண அவனால் இயலாது. ஆகவே பிறர் கண்ணை நாடுகின்றான். அந்த நாட்டத்தைக் குற்றமென்று கூறுதல் பொருந்தாது. ஆனால், கண்ணாடியைப் பார்த்துத் திருநீற்றைத் திருத்திக்கொண்டு வேலைக்குப் போகின்றவன் ஒருவன். கண்ணாடியின் முன்னிருந்து எழுவதற்கே மனமில்லாதவன் மற்றொருவன்.

நாற்பது ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வருகின்ற நான் இவ்விருவருள் எவன் என்று அண்மையிலே எண்ணிப் பார்க்க நேர்ந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியிலே நான் கவியரங்கொன்றிற் பாடிய காட்சியைக் காட்டி, "ஐயா, இதை நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்குப் பெருமையாக இல்லையா?" என்று கேட்டான். 'இல்லை' என்றால் அது பொய். 'ஆம்' என்றால் அது முழு உண்மையாகாது. அந்த வேளையிலே பாடம் முடிந்து மணி அடித்தது, நான் தப்பினேன். அன்று கொடாத விடையை இங்கே கொடுக்க முயல்கின்றேன். விடை சற்று நீளும். என் பிழையொன்றையும் அது வெளிப்படுத்தும். பொறுத்தருள்க.

அம்மா ஒட்டிய கொப்பி

என் முதற்பாட்டு அச்சேறியபோது எனக்கு வயது பதினெட்டு. மாரி மழையைப் பற்றிய நான்கு வெண்பாக்கள். தளை தட்டவில்லை என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு சிறப்பு இருந்ததாக இன்று எனக்குத் தோன்றவில்லை. அன்றோ, அந்தப் பத்திரிகை வந்துவிட்டதா என்று பார்க்கச் சந்திக் கடைக்கு மூன்று முறை சைக்கிளிலே போய் வந்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் கற்றிருந்த என் அம்மா பாட்டை வாசிக்கவில்லை. பாட்டின் கீழிருந்த பெயரை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பின்பு அப்பகுதியைக் கத்தரித்து, கோதுமை மாவிலே பசை காய்ச்சி, பழைய கணக்குக் கொப்பியொன்றில் ஒட்டிவைத்தார். அதன்பின் என் பெயர் அச்சில் வந்த போதெல்லாம் அந்தக் கொப்பி கொழுத்தது.

பாட்டை விட்டுப் பெயரை வாசிப்பது தாய்க்கு அழகு. பாடியவனே அவ்வாறு வாசிக்கத் தொடங்கினால் அது அழகாகாது. நான் தொடங்கினேன். பத்திரிகையை விரித்ததும் என் கண் தேடியது என் பெயரையே.

பின்னர் மேடைகள் வந்தன. கோயில் திருவிழாக்களிலும் பாடசாலை விழாக்களிலும் கவியரங்கு என்றால் என்னையும் அழைப்பார்கள். ஒருநாள் பாட்டின் ஓரிடத்திலே கைதட்டல் எழுந்தது. அடுத்த முறை அவ்விடத்தைச் சற்று நீட்டினேன். அதற்கடுத்த முறை, அத்தகைய இடங்கள் மூன்றினை முதலில் அமைத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே பாட்டை நிரப்பினேன். நான் சபைக்குப் பாட்டுச் சொல்வதாக எண்ணியிருந்தேன். உண்மையிலே சபைதான் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வந்தது. வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சியை நோக்கி எழுந்து நடந்த இரவு அது. நாவற்குழி வழியிலே அடிமேல் அடிவைத்து நகர்ந்தவர்களுக்கு அதனை விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பை என்று கணக்கு. என் பையிலே அம்மாவின் கொப்பியை முதலில் வைத்தேன். பிறகு என் ஆசிரியர் தம் கைப்பட ஓரக்குறிப்பு எழுதி எனக்குத் தந்த குறுந்தொகைப் பதிப்பை வைத்தேன். அம்மாவின் மருந்துப் போத்தல்களுக்கு இடம் போதவில்லை. இரண்டிலொன்றை விடவேண்டும். குறுந்தொகையை விரும்பித் தெரிந்தெடுத்தேன் என்று இன்று பெருமை பேசலாம், உண்மை அதுவன்று. கொப்பி பருத்திருந்தது; நூல் சிறிதாக இருந்தது. அதனால் நூல் தங்கியது. கொப்பி அலுமாரியின் மேல் ஏறியது.

1996 இல் நாங்கள் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இருந்தது; கொப்பிக்கு உயிர் இல்லை. மாப்பசை பூசிய இடங்களைத் தேடித்தேடிக் கறையான் தின்றிருந்தது. என் பெயர் இருந்த துண்டுகள் எல்லாம் பசையோடு போயின. அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வேறொன்று என்னை வருத்தியது. அழிந்த பாட்டுக்களுள் ஒன்றையேனும் நினைவிலிருந்து எழுதுவோம் என்று அன்றிரவு உட்கார்ந்தேன். கைதட்டல் பெற்ற அடிகள் சில வந்தன. முழுப்பாட்டு ஒன்றும் வரவில்லை. குறுந்தொகையிலோ, நூலைத் திறவாமலே, ஐம்பது பாட்டுக்கு மேல் என்னால் ஒப்பிக்க முடிந்தது. என் பாட்டை நானே மறந்துவிட்டேன். பிறர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

பெயரிழந்த பெரியோர்

அந்தக் குறுந்தொகையிலே பெயரிழந்த புலவர்கள் பலர் இருக்கின்றார்கள். தொகுத்தோர் கைக்குப் பாட்டுக் கிடைத்தது. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. என் செய்வது? பாட்டிலே சுடர்விட்ட ஒரு தொடரை எடுத்து, அதனையே புலவர்க்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், மீனெறிதூண்டிலார், அணிலாடுமுன்றிலார், குப்பைக்கோழியார் என்பன அவ்வாறு வந்த பெயர்கள். இவர்களுடைய ஊர் யாது, குலம் யாது, மாலை எத்தனை பெற்றார்கள் என்பன ஒன்றும் தெரியா. ஓர் ஏர் வைத்திருந்த உழவனின் பதைப்பை ஒருவர் கண்டார். அணில் விளையாடும் ஆளற்ற முற்றத்தை ஒருவர் கண்டார். கண்ட அந்தப் பொருளே கண்டவருடைய பெயராயிற்று. நாமோ பெயரைப் பெரிய எழுத்திலே இட்டு, பாட்டை அதன் கீழே ஒட்டுகின்றோம். அவர்களிடத்திலே பாட்டுத்தான் பெயரைப் பெற்றெடுத்தது.

ஈழத்தவராகிய நாம் உரிமையோடு போற்றும் பூதன்தேவனார் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே. பெயரும், பெயரின் முன்னே ஈழம் என்ற சொல்லும், சில பாட்டுக்களும் அன்றி அவரைப்பற்றி அந்நூல்கள் பெரிதாக வேறொன்றும் கூறவில்லை. அத்தகைய ஒருவரிடத்திலேதான் நான் பிழை செய்தேன்.

கைதட்டல் பெற்ற பிழை

2003 ஆம் ஆண்டில் ஒரு விழா. ஈழத்துத் தமிழிலக்கியத்தின் தொன்மை என்பது எனக்குத் தந்த பொருள். பெரிய சபை, எழுச்சியோடு இருந்த சபை. பேச்சின் உச்சத்திலே, "சங்க காலத்திலேயே எங்கள் ஈழத்துப் புலவன் புறநானூற்றில் வீரம் பாடினான்" என்று முழங்கினேன். எழுந்த கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. அந்தப் பேச்சையே கட்டுரையாக்கினேன். அதுவும் அச்சில் வந்தது.

பூதன்தேவனார் பாட்டு ஒன்றுகூடப் புறநானூற்றில் இல்லை. அவர் பாடியனவாகக் கிடைப்பவை ஏழு. அகநானூற்றில் மூன்று, குறுந்தொகையில் மூன்று, நற்றிணையில் ஒன்று. ஏழும் அகப்பாட்டுக்கள், காதலர் நெஞ்சையும் பிரிவின் துயரையும் பேசுவன. இஃது எனக்குத் தெரியாத செய்தியன்று. பண்டிதப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் நெட்டுருப் பண்ணியது. ஆயினும் சபை வீரத்தை விரும்பியது. நான் புலவரைச் சபைக்கேற்ப மாற்றிவிட்டேன். மேடையிலே நா முந்திற்று என்று சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். வீட்டிலிருந்து எழுதியபோதாவது நூலைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கைதட்டல் பெற்ற வாக்கியத்தைச் சரிபார்க்க மனம் எளிதில் வருவதில்லை.

ஒரு வாரத்துள் என் ஆசிரியரிடமிருந்து தபாலட்டை ஒன்று வந்தது. "தம்பிக்கு ஆசி" என்று தொடங்கி, அதன் கீழே மூன்று வரி: அகம் 88, 231, 307. குறுந்தொகை 189, 343, 360. நற்றிணை 366. அவ்வளவே. பிழை என்ற சொல் அதில் இல்லை, கண்டனம் இல்லை, அறிவுரையும் இல்லை. தபாலட்டை யாரும் வாசிக்கக்கூடிய கடிதம் அல்லவா? தபாற்காரர் வாசித்தாலும் விளங்காதபடி அந்தப் பெருந்தகை எழுதியிருந்தார். ஊரறியப் பிழைவிட்ட மாணாக்கனை ஊரறியாமல் திருத்துவதற்கு அவர் தெரிந்த வழி அது.

நான் என் செய்தேன்? அட்டையை ஒரு நூலின் நடுவே வைத்து மூடினேன். வாசகர் எவரும் கேள்வி எழுப்பவில்லை. நானே எழுந்து பறையறைய வேண்டுமா? அடுத்த மாதம் வேறொரு விழாவுக்கு அழைப்பும் வந்திருந்தது. 'பண்டிதர் பிழை விட்டார்' என்ற பேச்சு அதற்கு முன்னே எழலாமா? இவ்வாறு நான் எனக்கே வழக்கறிஞனாகி ஏழு வாரம் வாதாடினேன். பொதுமக்கள் கண்ணிலே இருப்பவனுக்கு வருகின்ற பெருந்தீங்கு யாதென்று கேட்டால், அந்த ஏழு வாரத்தைக் காட்டுவேன். இகழ்ச்சி வந்து என்னைக் கெடுக்கவில்லை. இகழ்ச்சி வந்துவிடுமோ என்ற அச்சந்தான் கெடுத்தது.

பின்பு தவணைப் பரீட்சை நடந்தது. விடைத்தாள்களை மாணவர்க்குத் திருப்பிக் கொடுத்த மறுநாள், பதினோராம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னைத் தேடி ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தாள். அவளுடைய விடைத்தாளைத் திருத்தியவர் வேறோர் ஆசிரியர். ஈழத்துப் பூதன்தேவனார் பாட்டு இடம்பெறும் நூல்கள் எவை என்பது வினா. புறநானூறு என்று அவள் எழுதியிருந்தாள்; புள்ளி கிடைக்கவில்லை. ஒரு கையிலே விடைத்தாள். மறுகையிலே ஒரு கொப்பி. கொப்பியைத் திறந்தாள். என் கட்டுரையை வெட்டி ஒட்டியிருந்தாள். முக்கியமான இடங்களின் கீழே சிவப்பு மையினாற் கோடும் இட்டிருந்தாள்.

"ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எழுதினேன். எது சரி?" என்றாள்.

அவள் குரலிலே குற்றச்சாட்டு இருக்கவில்லை. சரி எது என்று அறிய விரும்பினாள், அவ்வளவே. எனக்கு அம்மாவின் கொப்பி நினைவுக்கு வந்தது. அம்மா என் பெயரை மட்டும் வாசித்தார். அதனால் யாருக்கும் கேடு வரவில்லை. இந்தப் பிள்ளை நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் வாசித்திருந்தாள், நம்பியிருந்தாள், நம்பியதற்குத் தண்டமும் இறுத்திருந்தாள். என் கைதட்டலுக்கு உரிய விலையைக் கொடுத்தவள் அவள்.

"பிள்ளை, பிழை என்னுடையது. உம்முடைய தாளைத் திருத்தியவர் சரியாகவே திருத்தியிருக்கிறார்" என்றேன். அன்று மாலை அந்த வகுப்புக்குச் சென்று, தபாலட்டையிலிருந்த ஏழு எண்களையும் கரும்பலகையிலே எழுதினேன். இரவு பத்திராதிபருக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். அடுத்த வாரம் ஒரு பக்கத்தின் மூலையிலே ஐந்து வரியாக அது வெளிவந்தது. ஆசிரியரைக் காணச் சென்றேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேநீர் தந்து, குறுந்தொகையிலே விளங்காத இடம் ஏதேனும் உண்டோ என்று கேட்டார்.

அவை எதற்கு?

நம் முன்னோர் அவையை எதற்காக நாடினர் என்று அதன்பின் நான் பலகால் சிந்தித்ததுண்டு. தொல்காப்பியம் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரித்துக் காட்டப்பட்டது என்று அந்நூலின் பாயிரம் கூறுகின்றது. அரங்கேற்றம் என்பதன் பொருள் அதுவே. ஆசான் வினவுவான், நூல் செய்தோன் விடை இறுப்பான், ஐயம் தீர்ந்தபின்னரே நூல் உலகுக்குரியதாகும். பாராட்டு உண்டாயின் அதற்குப் பின்னே வரும். நாம் அரங்கை வைத்துக்கொண்டோம். அதங்கோட்டாசானை அழைக்க மறந்தோம். என் விழாவிலே அந்த ஆசானுடைய இருக்கையில் அமர்ந்தவை ஒரு தபாலட்டையும் ஒரு சிறுமியின் கொப்பியுமே.

பெரியோர் புகழை எவ்வாறு தாங்கினர் என்பதற்கு நம் காலத்துக்கு அணித்தாகவே சான்றுகள் உள. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்து, அதன்பின் அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தமிழுலகின் கண்ணிலே வாழ்ந்தவர். அவர் தம் வரலாற்றை எழுதுமுன் தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் வரலாற்றை எழுதினார். அஃது இரண்டு பாகமாக 1933, 1934 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. தம் கதையை 1940 இலேதான் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். 1942 இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. 1950 இலே நூலாயிற்று. பெயர் 'என் சரித்திரம்'. ஆயினும் அந்நூலை மூடியபின் நம் மனத்திலே நிற்பவர் பெரும்பாலும் அந்த ஆசிரியரே. தம்மீது விழுந்த ஒளியைத் தமக்கு விளக்கேற்றியவர்பால் திருப்பிவிடக் கற்றவருக்கு, ஒளியினால் ஊறு நேர்வதில்லை.

நம் நாட்டிலே விபுலாநந்த அடிகள். 1892 இல் காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானங் கற்று, 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற்றமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். மாலைகளுக்கு அவர்க்கும் குறைவிருக்கவில்லை. ஆனால் யாழ்நூல் மாலைகளுக்கிடையிலே பிறந்ததன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் சில அடிகளை வைத்துக்கொண்டு, மறைந்துபோன ஒரு கருவியின் நரம்புகளைக் கணிதத்தாலே மீட்கின்ற வேலை, ஆண்டுக்கணக்காகத் தனியறையில் இருந்து செய்ய வேண்டிய வேலை. அந்நூல் 1947 ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஜூலை 19 ஆம் நாள் அடிகள் மறைந்தார். பல ஆண்டு உழைப்பின் பெரும்பயனை உலகம் கண்டதை அவர் கண்டது ஏறக்குறைய ஆறு வாரம். அந்த ஆறு வாரப் பாராட்டுக்காகவா அத்தனை ஆண்டு உழைத்திருப்பார்? யாழின் இனிமையை அறையினுள்ளே தனித்திருந்து முன்னமே நுகர்ந்திருப்பார் என்பதே என் துணிபு. ஆக்கத்தின் இன்பம் ஆக்கும்போதே வந்துவிடுகின்றது. புகழ் அதற்குப் பின் வருகின்ற வேறொரு பொருள்.

அந்த வேறு பொருள் யாது? திருக்குறளின் அதிகார வைப்பிலே இதற்கு ஒரு விடை உண்டென்று கருதுகின்றேன். இல்லறவியலின் இறுதி அதிகாரம் புகழ். அதற்கு முன் நிற்பது ஈகை. அதற்குப் பின் தொடங்குவது துறவறவியல். கொடுத்தவனுக்கே புகழ், அந்தப் புகழையும் கடந்து செல்ல அடுத்த படி காத்திருக்கின்றது. கொடாமல் புகழை வாங்கியவன் கடனாளி. பூதன்தேவனார் பெயரைச் சொல்லிப் பொய்யொன்றைக் கொடுத்து நான் பெற்ற கைதட்டல் அத்தகைய கடனே. அதை ஐந்து வரியிலே அடைத்தேன். வட்டியை அந்தப் பிள்ளை முன்னரே கட்டிவிட்டாள்.

மாணவனுக்கு விடை

தம்பி, நீர் காட்டிய நாலாயிரம் என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்குப் பெருமை வந்தது உண்மை. மறுகணம் அச்சமும் வந்தது. நாலாயிரம் பேர் பார்த்தார்கள் என்றால் நாலாயிரம் பேருக்கு நான் விடைசொல்லக் கடமைப்பட்டவன். 2003 இல் நான் விட்ட பிழை ஒரு பத்திரிகையின் ஒருநாட் பிரதியில் இருந்தது. அதற்கு ஐந்து வரித் திருத்தம் போதும் என்றேனும் ஆறுதல் கொள்ளலாம். இன்று நான் பிழைபடச் சொல்வது கைக்குக் கை தாவிச் செல்லும். திருத்தம் அதன் பின்னே மூச்சிரைக்க ஓடினாலும் எட்டிப் பிடியாது. ஆகவே இப்போது மேடையேறுமுன் நூலைத் திறக்கின்றேன். எழுதியதைப் பத்து நாள் மேசையிலே உறங்கவிட்டு எடுத்துப் பார்க்கின்றேன். எந்த வாக்கியம் கைதட்டலை எதிர்பார்த்து நிற்கின்றதோ, அதனையே முதலிற் சோதிக்கின்றேன். பெரும்பாலும் பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எழுதுக, பேசுக, சபைக்கு அஞ்சி ஒளிக்க வேண்டாம். எவருக்கும் காட்டாது பெட்டியிலே வைத்த பாட்டுக் கறையானுக்கே உதவும். ஆனால் எழுதும்போது நாலாயிரம் பேரை நினையாது, ஒருவரை நினைத்துக்கொள்க. சிவப்பு மையினாற் கோடிட்டு, நீர் சொல்வதை முழுதும் நம்பப் போகின்ற ஒருவரை.

அந்த மாணவி பாடசாலையை விட்டு விலகுமுன் ஒருநாள் தன் கொப்பியை மீண்டும் கொண்டுவந்து காட்டினாள். மூலையிலே வெளிவந்த ஐந்து வரித் திருத்தத்தையும் வெட்டி, பழைய கட்டுரையின் கீழே நேராக ஒட்டியிருந்தாள். நாற்பது ஆண்டிலே என் பெயரோடு அச்சேறியவை பல. அவற்றுள் ஒன்றை எடுத்து அவையிலே வை என்று யாரேனும் பணித்தால், அந்தப் பக்கத்தையே நான் கேட்டு வாங்கி வைப்பேன்.